நாலு கவர், ஒரு சுவர்

மாப்பிள்ளையின் மாமியாருக்கு மிரட்டல் கடிதம் வந்தபோது காலை மணி ஒன்பது. ஒன்பதே காலுக்குள் அவர் அதைப் படித்து, சிவப்புப் பேனாவால் பன்னிரண்டு பிழைகளைத் திருத்தி, ஓரத்தில் 'கையெழுத்து பரவாயில்லை' என்று குறிப்பும் எழுதிவிட்டார். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். பேனாவைக் கையில் எடுத்தால் எதிரில் இருப்பது கல்யாணப் பத்திரிகையா கொலை மிரட்டலா என்று பார்க்க மாட்டார்.

"ஒரு ஆளை மிரட்டறதுன்னா ஒரு ஒழுங்கு வேண்டாமா?" என்று கடிதத்தை மகளிடம் நீட்டினார். "'சாச்சி சொன்னா கையை முரிப்பேன்'னு எழுதியிருக்கான். எந்த 'றி' போடறதுன்னே தெரியாதவன், எங்கே வந்து முறிக்கப்போறான்?"

அந்த மகளைத்தான் எல்லோரும் குண்டூசி என்பார்கள். இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவள். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாக்குமூலங்கள் கண்ணில் பட்டால் போதும், இரண்டையும் சேர்த்து ஒரு குண்டூசியைக் குத்தி நீதிபதியின் மேசையில் வைத்துவிடுவாள். அந்த வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.

மாப்பிள்ளை அவளுடைய தங்கையின் கணவன், அவளுக்கு உதவியாளனும்கூட. அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, காவல் நிலையத்திலிருந்து சலூன் வரைக்கும் எல்லோரும் அவனை மாப்பிள்ளை ஆக்கிவிட்டார்கள்.

"மாப்ளே, எங்க அம்மா முகவரியை யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?" என்றாள் குண்டூசி.

"மிரட்டினா பயப்படாத ஆளா வேணும்னு நீங்கதானே சொன்னீங்க அக்கா? எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான் இருக்காங்க. ஒன்பது வருஷமா நானே முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன்."

"காதுல விழுது மாப்ளே," என்றார் மாமியார், பேனாவை மூடியபடி.

குண்டூசி சிரிக்கவில்லை. கடிதம் வந்தது ஒரு வகையில் நல்ல செய்திதான். அவள் வைத்த பொறியில் எலி விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

விவகாரம் இதுதான். ஒரு கிடங்கு முதலாளி விடியற்காலையில் தன் கிடங்குக்குத் தானே தீ வைத்தான். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காவலாளி பிழைக்கவில்லை. முதலாளி கையில் கேனோடு சந்திலிருந்து ஓடி வந்ததைப் பார்த்த ஒரே ஆள், முதல் நடைக்குப் பேருந்து ஓட்டிக்கொண்டு வந்த பெண் ஓட்டுநர். முதலாளி இப்போது சிறையில். ஓட்டுநரம்மா வீடு மாறினார். புது வீட்டுக்கு மிரட்டல் கடிதம் வந்தது. மறுபடியும் மாறினார், மறுபடியும் வந்தது. வருகிற திங்கட்கிழமை அவர் சாட்சி சொல்ல வேண்டும். 'எனக்குப் பத்து வயசுல பொண்ணு இருக்கு, என்னை விட்டுடுங்க' என்று அவர் நீதிபதிக்கு எழுதியிருந்தார்.

சாட்சியின் முகவரி தெரிந்த இடங்கள் நான்கு: காவல் நிலையம், அரசு வழக்கறிஞர் அலுவலகம், நீதிமன்றம், சிறை. முதலாளி உள்ளேயிருந்து அந்த முகவரிக்குக் கடிதமோ ஆளோ அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகச் சிறைக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். இந்த நான்குக்கும் நடுவில் தகவல் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று சமீபத்தில் ஓர் ஒருங்கிணைப்பு அறை திறந்து, அதற்கு ஓர் இயக்குநரையும் போட்டிருந்தார்கள். அவர் எதைப் பேசினாலும் விரலால் காற்றில் அம்பு வரைவார். அதனால் மாப்பிள்ளை அவருக்கு வைத்த பெயர் அம்புக்குறி. முகவரியை வெளியே விட்டது அரசு வழக்கறிஞர் அலுவலகத்து எழுத்தர்தான் என்று முடிவு கட்டி, அவரைச் சஸ்பெண்ட் செய்ய வைத்தவர் இந்த அம்புக்குறிதான். அதற்கு ஆதாரம் தேடித் தரச் சொல்லிக் குண்டூசியை அமர்த்தியவரும் அவரே.

குண்டூசி தன் மேசையில் நான்கு டம்ளர்களைக் கவிழ்த்து, அவற்றுக்கு நடுவே நூலைச் சுற்றி, அரை நாள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு நீதிபதியிடம் மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வேலை செய்தாள். 'சாட்சி மறுபடியும் வீடு மாறிவிட்டார்' என்று நான்கு அலுவலகங்களுக்கும் தனித்தனியாகத் தகவல் போனது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பொய் முகவரி. எந்த முகவரிக்கு மிரட்டல் வருகிறதோ, ஓட்டை அந்த அலுவலகத்தில்.

"அத்தை வீட்டு முகவரி எந்த ஆபீசுக்குப் போச்சு?" என்றான் மாப்பிள்ளை.

"அரசு வழக்கறிஞர் ஆபீசுக்கு."

"அப்போ அம்புக்குறி சொன்னது சரிதான். அந்த எழுத்தர்..."

"அவர்தான் பத்து நாளா வீட்ல உக்காந்திருக்காரே மாப்ளே. இந்த முகவரி அங்கே போனதே மூணு நாள் முன்னாடிதான்."

அதற்குள் மாப்பிள்ளையின் போன் அடித்தது. அவன் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் சலூன்காரர். அவர் கடையின் முகவரியை நீதிமன்றத்துக்குக் கொடுத்திருந்தார்கள்.

"மாப்ளே, யாரோ என் கையை முறிப்பேன்னு எழுதியிருக்கான். ரெண்டு கையுமா ஒரு கையான்னு தெளிவா இல்ல. கத்தரி பிடிக்கிற கைன்னா முன்னாடியே சொல்லச் சொல்லு."

அரை மணி கழித்து, மாப்பிள்ளையின் பழைய முதலாளி கூப்பிட்டார். சிறைக்குக் கொடுத்த முகவரி அவருடையது. அவர் பேசியதில் திருப்பிச் சொல்லக்கூடிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. அவர்கள் அலுவலகத்துக்குத் திரும்பிக் கதவைத் திறந்தால், உள்ளே தரையில் நான்காவது கவர் கிடந்தது. காவல் நிலையத்துக்குக் கொடுத்திருந்தது குண்டூசியின் அலுவலக முகவரி.

மாப்பிள்ளை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அக்கா, ஒரு எலிக்குப் பொறி வெச்சோம். நாலு எலி விழுந்திருக்கு. போலீஸ், வக்கீல், கோர்ட்டு, ஜெயில், நாலு பேரும் கூட்டா? இனிமே நாம யார்கிட்ட போய்ப் புகார் குடுக்கறது? தபால்காரர்கிட்டயா?"

"நாலு பேரும் சேர்ந்து ஒரு காரியம் பண்ணி நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

மாப்பிள்ளை யோசித்தான். "இல்ல. கோர்ட்டுல கேட்டா ஜெயில்னு சொல்வாங்க, ஜெயில்ல கேட்டா போலீஸ்னு சொல்வாங்க."

"அதான். ஒரே சாட்சிக்கு நாலு ஆபீஸ்ல நாலு முகவரி இருக்கு. 'ஏங்க, எது சரி?'ன்னு ஒருத்தராவது இன்னொருத்தரைக் கேட்டாங்களா? கேக்கல. ஆனா இந்த மிரட்டறவன் நாலையும் பார்த்திருக்கான். எதுக்கும் இருக்கட்டும்னு நாலுக்கும் எழுதியிருக்கான். அந்த நாலு ஆபீசையும்விட இவன்தான் மாப்ளே ஒழுங்கா வேலை பார்த்திருக்கான்."

அவள் கவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாள். சலூனுக்கும் பழைய முதலாளிக்கும் வந்தவற்றை மாப்பிள்ளை போய் வாங்கி வந்திருந்தான். நான்கிலும் ஒரே நீல மை, ஒரே சாய்வான எழுத்து. அம்மாவின் கவரில் கடைசியில் ஓரிடத்தைச் சிவப்பு மை வட்டமிட்டிருந்தது. பக்கத்தில் 'மீதி எங்கே?' என்று அம்மாவின் கையெழுத்து.

'பள்ளிக்கு எதி...' என்று நின்றிருந்தது முகவரி.

"எதிரில்னு எழுத வந்து, கை வலிச்சிருக்கும்," என்றான் மாப்பிள்ளை.

"நம்ம கவரைப் பாருங்க."

'மூன்றாவது மா...'

"மூன்றாவது மாமாவா? உங்களுக்கு ரெண்டு மாமாதானே அக்கா?"

"மாடி, மாப்ளே. நாலு கவர்லயும் முகவரி கடைசியில பாதி வார்த்தையில நிக்குது. நின்ன இடத்துல மூணு புள்ளி. கையால எழுதறவன் எவனாவது பாதி வார்த்தையில நிறுத்திட்டு மூணு புள்ளி வைப்பானா? இவன் எங்கேயோ பார்த்து எழுதியிருக்கான். கண்ணுல பட்டதை அப்படியே, புள்ளி உட்பட."

"எதைப் பார்த்து?"

"முகவரி அடங்காத ஒரு சின்னக் கட்டத்தைப் பார்த்து."

சஸ்பெண்ட் ஆன எழுத்தர் வீட்டில், கதவைத் திறந்தவர் பாதியிலேயே மூடப்பார்த்தார். மாப்பிள்ளை தன் காலை இடையில் வைத்தான்.

"சார், காலை எடுக்கச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சேதி. இன்னைக்கு நாலு பேருக்கு மிரட்டல் வந்திருக்கு. நீங்க பண்ணலைன்னு அதுவே நிரூபிச்சிடுச்சு."

எழுத்தர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பத்து நாளாகச் சவரம் செய்யாத முகத்தில் முதல்முறையாக ஏதோ இளகியது. "உள்ளே வாங்க," என்றார்.

"ஒரே கேள்விதான் சார்," என்றாள் குண்டூசி. "உங்க படிவத்துல முகவரிக்கு எவ்வளவு இடம்?"

"நாலு வரி. கோர்ட்டுப் படிவத்துல அஞ்சு. எங்கேயும் இடத்துக்குப் பஞ்சமே கிடையாது."

"நாலு ஆபீஸ் தாளையும் ஒண்ணாப் பார்க்கறது யாரு?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. நாலும் ஒருங்கிணைப்பு அறை கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே ஆளே கிடையாது, எல்லாம் தானா நடக்கும்னு இயக்குநர் பெருமையாச் சொல்வார்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "என் பையன் ஸ்கூல்ல அப்பா வீட்ல ஏன் இருக்கார்னு கேக்கறாங்களாம். சீக்கிரம் கண்டுபிடிங்கம்மா."

நீதிமன்ற வளாகத்தின் முன்கூடத்தை ஒட்டித்தான் ஒருங்கிணைப்பு அறை. அம்புக்குறி யாரோ விருந்தினர்களோடு உள்ளே இருப்பதாகவும், காத்திருக்கும்படியும் வாசலில் நின்ற காவலர் சொன்னார். கூடத்தில் வரிசையாகப் பெஞ்சுகள். வழக்குக்கு வந்தவர்கள், கைக்குழந்தைகள், கோப்புகளோடு குமாஸ்தாக்கள். மாப்பிள்ளை காலியாக இருந்த ஒரு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான்.

"தம்பி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கொஞ்சம் தலையை நகத்துங்க. மறைக்குது."

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். கட்டம் போட்ட சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி, மடியில் ஒரு நோட்டு. அந்த ஆள் அவன் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் பார்த்தான்.

எதிர்ச் சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு திரை. மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: 'நீதித் துறைகளிடையே தகவல் பரிமாற்றம் - ஒரு மாதிரி.'

"ஒரு மாதிரின்னு அவங்களே ஒத்துக்கறாங்க அக்கா," என்று ஆரம்பித்த மாப்பிள்ளை, அப்படியே நிறுத்தினான்.

திரையில் நான்கு கட்டங்கள். காவல், வழக்கறிஞர், நீதிமன்றம், சிறை. ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பச்சை அம்புகள் வழுக்கிக்கொண்டு போயின. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு குட்டிப் படிவம். அதன் தலையில் வழக்கு எண். 'பெயர்' என்ற இடத்தில் வரிசையாக நட்சத்திரங்கள். அதற்குக் கீழே 'முகவரி'. காவல் கட்டத்தில், குண்டூசியின் அலுவலக எண், தெரு, பிறகு 'மூன்றாவது மா...'

குண்டூசி போய் நோட்டுக்காரரின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையும் மெல்ல நகர்ந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தான். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வது அவனுக்குச் சிரமமான காரியம், ஆனாலும் வைத்துக்கொண்டான்.

"கேஸுக்கு வந்திருக்கீங்களாண்ணே?"

"அக்கா வீட்டுக்காரரோட கிடங்கு கேஸு," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்ல வசதி பண்ணியிருக்காங்க தம்பி. முன்னாடியெல்லாம் ஒரு விவரம் வேணும்னா பத்துப் பேர் காலைப் பிடிக்கணும். இப்போ பாருங்க, சுவத்துலயே போட்டுடறாங்க. என்ன, இந்த வாரம் கொஞ்சம் குழப்பிட்டாங்க. நாலு இடத்துல நாலு விதமா வருது. பன்னெண்டு மணிக்குப் புதுசு மாத்துவாங்க, சரிபார்த்துட்டுப் போகலாம்னு உக்காந்திருக்கேன்."

"நியாயந்தான்."

"அந்த ரெண்டாவது கட்டத்துல இருக்கறது ஏழா ஒண்ணா தம்பி? எனக்குச் சரியாத் தெரியல."

"ஏழுண்ணே."

"நல்லாத் தெரியுமா?"

"என் மாமியார் வீட்டு நம்பர் எனக்கு மறக்குமாண்ணே?"

பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றது. அந்த ஆள் மெதுவாக இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே குண்டூசி நான்கு கவர்களைச் சீட்டுக்கட்டு போல விரித்துப் பிடித்திருந்தாள்.

"உங்க கையெழுத்து பரவாயில்லன்னு எங்க அம்மா சொன்னாங்க," என்றாள்.

அவர் எழுந்தார். வாசல் காவலர் வழியில் வந்து நின்றார். நோட்டு கைமாறியது. முதல் பக்கத்தில் ஓட்டுநரம்மாவின் பழைய வீட்டு முகவரி, அடுத்த பக்கத்தில் அதற்கடுத்த வீட்டு முகவரி, இரண்டும் மூன்று புள்ளியோடு.

"நான் என்ன திருடினேனா?" என்று அவர் கத்தினார். "சுவத்துல போட்டிருந்துச்சு, எழுதிக்கிட்டேன்! போட்டவனை விட்டுட்டுப் பார்த்தவனைப் பிடிக்கிறீங்க!"

"பார்த்ததுக்கு இல்லண்ணே," என்றான் மாப்பிள்ளை. "முரிப்பேன்னு எழுதினதுக்கு."

சத்தம் கேட்டு அறைக்கதவு திறந்தது. அம்புக்குறி மூன்று விருந்தினர்களோடு வெளியே வந்தார். கோட்டு போட்ட பெரிய மனிதர்கள். குண்டூசியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க! அந்த எழுத்தர் மேல ஆதாரம் கிடைச்சிடுச்சா?"

"ஆதாரம் கிடைச்சிடுச்சு சார். அதுக்கு முன்னாடி இந்தத் திரையில என்ன ஓடுதுன்னு இவங்களுக்குக் கொஞ்சம் விளக்கிடுங்களேன்."

அதற்காகவே பிறந்தவர் போல அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். விரல் காற்றில் அம்பு வரைந்தது. "நாலு துறை, ஒரே ஓட்டம்! முதல்ல வெறும் கற்பனை விவரம்தான் போட்டாங்க. பார்க்க உயிரே இல்ல. நான்தான் சொன்னேன், உண்மையான கோப்பையே எடுத்துக் காட்டுங்கய்யா, எந்தக் கோப்பு அதிகமாக் கைமாறுதோ அது தானா வந்து நிக்கட்டும்னு. அப்போதானே தத்ரூபமா இருக்கும்! பாதுகாப்பும் பக்கா. பாருங்க, பெயரை மறைச்சிட்டோம்."

"பெயர் குற்றப்பத்திரிகையிலயே இருக்கு சார்," என்றாள் குண்டூசி. "அவங்களுக்குத் தெரியாம இருந்தது முகவரி ஒண்ணுதான். தெரிஞ்சதை மறைச்சிட்டு, மறைக்க வேண்டியதைக் கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க."

அம்புக்குறியின் விரல் பாதி அம்பில் நின்றது. திரையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். காவலர் பிடித்திருந்த ஆளைப் பார்த்தார். அந்த ஆள் நன்றி சொல்கிற முகத்தோடு அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"சத்தியமா எனக்கு..." என்றார் இயக்குநர். விருந்தினர்களில் ஒருவர் இருமினார்.

"இதை யாராவது நிறுத்துங்களேன்," என்றாள் குண்டூசி. பொத்தான் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மாப்பிள்ளை பெஞ்சின் மேல் ஏறி, ஒயரைப் பிடுங்கினான்.

மாலையில் குண்டூசி ஓட்டுநரம்மாவைப் பார்க்கப் போனாள். அவர் பணிமனையில், வண்டியை ஒப்படைத்துவிட்டுச் சீருடையோடு நின்றிருந்தார். நடந்ததை முழுவதும் கேட்டுக்கொண்டார். குண்டூசி எதிர்பார்த்தது நிம்மதி. வந்தது கோபம்.

"அப்போ என்னை யாரும் காட்டிக் குடுக்கல? விலைக்கு விக்கல?"

"இல்லம்மா."

"வர்றவங்க பார்த்துக் கைதட்டறதுக்காக என் வீட்டைச் சுவத்துல போட்டிருக்காங்க. ரெண்டு மாசமா என் பொண்ணு ஷூவைக் கழட்டாமத் தூங்கறா. எந்த நேரமும் ஓடணுமேன்னு. துரோகம் பண்ணியிருந்தாக்கூட ஆறிடும். இதை நான் அவகிட்ட என்னன்னு போய்ச் சொல்வேன்?"

தன் தொழிலில் குற்றவாளியைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது என்று குண்டூசி நினைத்திருந்தாள். இங்கே குற்றத்துக்கும் முட்டாள்தனத்துக்கும் நடுவில் ஒரு சிறுமி ஷூவோடு படுத்திருந்தாள்.

"திங்கட்கிழமை வரணும்னு நான் உங்களைக் கேக்க மாட்டேன்," என்றாள். "நீங்க வராட்டியும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

ஓட்டுநரம்மா தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடியும் போட்டுக்கொண்டார். வாசலை நோக்கி நடந்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீதிமன்றம் நிறைந்திருந்தது. அரசு வழக்கறிஞரின் பின்னால், நன்றாகச் சவரம் செய்த முகத்தோடு எழுத்தர் கோப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்புக்குறி வேறு எங்கோ மாற்றப்பட்டிருந்தார். எங்கே என்ற தகவல் இன்னும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

"வருவாங்களா அக்கா?" என்றான் மாப்பிள்ளை. அன்றைக்கு அவன் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

மூன்றாவது சாட்சியின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு சீருடை எழுந்தது. ஓட்டுநரம்மா நிதானமாக நடந்து வந்து கூண்டில் ஏறினார். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்: சந்து, கேன், ஓட்டம், முகம்.

முதலாளியின் வக்கீல் எழுந்தார். பெரிய வக்கீல். புன்னகை அவர் முகத்தில் நிரந்தரக் குடியிருப்பு.

"நீங்க அவரை நேராப் பார்க்கல. வண்டி சந்தைத் தாண்டின பிறகு, பக்கவாட்டுக் கண்ணாடியில பார்த்தீங்க. சரிதானே?"

"சரிதான்."

"ஒரு கையளவு கண்ணாடி. ஓடற வண்டி. விடியற்காலை. அதுல தெரிஞ்ச முகத்தை நம்பி ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பலாம்னு சொல்றீங்களா?"

ஓட்டுநரம்மா கூண்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், வண்டியின் சக்கரத்தைப் பிடிப்பது போல.

"ஐயா, அந்தக் கண்ணாடியை நம்பித்தான் தினமும் அறுபது பேரை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கறேன். பதினோரு வருஷம். இதுவரைக்கும் அது எனக்கு ஒரு பொய் சொன்னதில்ல."

வக்கீல் அடுத்த கேள்விக்காகத் தாளைப் புரட்டினார். இன்னொரு தாளைப் புரட்டினார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.